குன்னூர் வீடு (குடும்பம் மட்டும்)

நான்: தாத்தா அலமாரியில், மருந்துச் சீட்டுகளுக்குப் பின்னால் கிடைத்தது. (படம்) பிரான்ஸ் ஒயின் பாட்டில், போர்தோ, 2005. சனிக்கிழமை நினைவு நாள் சாப்பாட்டுக்குத் திறக்கலாமா?

சித்தி: அதுவா!!!

சின்ன மாமா: இன்னும் இருக்கா

பெரிய மாமா: 2009-ல் பாரிசிலிருந்து நான் வாங்கி வந்தது. யாரும் ஆட்டாதீர்கள். 2005 போர்தோவுக்கு அருமையான வருடம். மழை குறைவு, பழம் நன்றாக முற்றியது. பாட்டில் படுத்திருந்ததா, நின்றதா?

நான்: நின்றது மாமா

பெரிய மாமா: ஐயோ. படுத்திருந்தால்தான் கார்க்கில் ஈரம் இருக்கும். காய்ந்தால் காற்று உள்ளே போய்விடும். அப்பாவிடம் அன்றைக்கே சொன்னேன். பாட்டிலுக்கு எதற்கடா படுக்கை என்றார்.

சின்ன மாமா: 😂😂 அப்பாவேதான்

அம்மா: அண்ணா, ஈ-பாஸ் எடுத்தாச்சா? போன முறை பர்லியாறு செக்போஸ்டில் நின்றீர்களே

பெரிய மாமா: எடுக்கிறேன். முதலில் இதைக் கேளுங்கள். இனி சனிக்கிழமை வரை பாட்டில் நிற்கட்டும், வண்டல் அடியில் இறங்கும். அது கெட்டுப்போனது இல்லை, நிறமும் துவர்ப்பும் வருடக்கணக்கில் சேர்ந்து படிந்தது. திறந்ததும் கழுத்துக்குக் கீழே டார்ச் பிடித்து, மெதுவாக ஒரு ஜக்கில் சாய்க்க வேண்டும். கலங்கல் கழுத்துக்கு வந்தால் நிறுத்திவிட வேண்டும். அதையும் சாப்பிட உட்காரும்போதுதான் செய்ய வேண்டும். பழைய ஒயின், வெளியே வைத்தால் வாசனை சீக்கிரம் போய்விடும். ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். 16, 18 டிகிரி போதும், நம் வராந்தாவே அதுதான்.

அண்ணன்: ஜக் என்றால் மோர் ஜக்கா அப்பா

அம்மா: அதன் கைப்பிடி உடைந்துவிட்டது

சித்தி: யார் உடைத்தார்கள் என்று கேட்க மாட்டேன்

சின்ன மாமா: கேட்காதே

சித்தி: நான் பன்றி வறுவல் கொண்டு வருகிறேன்

பெரிய மாமா: மிளகாய் போட்டால் எல்லாம் வீண். காரத்தில் துவர்ப்பும் எரிச்சலும்தான் தெரியும். ஆட்டுக்கறி ஸ்டியூவும் ஆப்பமும் போதும்.

சித்தி: அப்பா நினைவு நாளுக்கு அப்பாவுக்குப் பிடித்த வறுவல் கூடாதா? என் கல்யாணத்துக்கே இந்த பாட்டிலைத் திறக்கவில்லை. நல்ல நாள் வரட்டும் என்றார். 2011-ல் அது நல்ல நாள் இல்லையாம். எல்லோருக்கும் பிளம்ஸ் ஒயின்.

சின்ன மாமா: அதிலும் பாதிதான் மிஞ்சியது. நுரை அடங்கும் முன்பே மூடி, ஸ்டோர் ரூமில் நாலு பாட்டில் வெடித்ததே

அம்மா: சுவரில் கறை இன்னும் இருக்கிறது. சுண்ணாம்பு அடித்தும் போகவில்லை

அண்ணன்: நான் அன்றைக்குக் குண்டு என்று நினைத்தேன்

அம்மா: வாசலில் காட்டெருமை. இரண்டு. கேரட் பாத்தியை மிதிக்கிறது. பக்கத்து வீட்டில் யாரும் வெளியே வராதீர்கள் என்று சொல்லிவிட்டேன்

சின்ன மாமா: படம் போடு அக்கா

அம்மா: அதுக்கு எதுக்குப் படம்

பெரிய மாமா: சரி, ஸ்டியூதானே?

சித்தி: இரண்டும். வறுவலைக் கடைசியில் பரிமாறலாம்

பெரிய மாமா: ம்

நான்: கார்க் திருகி யாரிடம் இருக்கிறது? இங்கே இல்லை

சின்ன மாமா: ஊட்டியில் ஒன்று இருந்தது. தேடிப் பார்க்கிறேன்

பெரிய மாமா: சாதாரண திருகி போட்டால் பழைய கார்க் பொடியாகிவிடும். இரண்டு தகடு வைத்தது வேண்டும்

சின்ன மாமா: அப்படியானால் தேடவில்லை

அம்மா: பாட்டி கேட்கிறாங்க, தாத்தா படத்துக்கு முன்னால் ஒரு கிளாஸ் வைக்கணுமாம்

பெரிய மாமா: வைக்கலாம். கலங்கலாக வரும் கடைசிக் கிளாஸ்

சித்தி: முதல் கிளாஸ்

பெரிய மாமா: படம் குடிக்குமா பாப்பா?

சித்தி: முதல் கிளாஸ் அண்ணா

அம்மா: பாட்டி இன்னொன்றும் கேட்கிறாங்க. காலி பாட்டில் வேண்டுமாம், மணி பிளாண்ட் வைக்க

சின்ன மாமா: நான் கேட்கலாம் என்று இருந்தேன்