கைபேசி அலறிய பிறகு: அமெரிக்காவில் பேரிடரை நேரில் சந்தித்தவர்களின் அனுபவப் பகிர்வு

ஹூஸ்டன், டெக்சாஸ் – சமூக அவசரகால மீட்புக் குழுத் தன்னார்வலர்

2017 ஆகஸ்ட் 26 இரவு, ஹார்வி புயலின் மழை ஹூஸ்டனை விட்டு நகராமல் கொட்டிக்கொண்டிருந்தபோது, எங்கள் வீட்டிலிருந்த நான்கு கைபேசிகளில் இரண்டு மட்டுமே அலறின. என்னுடையதும் என் மனைவியுடையதும் வெள்ள எச்சரிக்கையைக் காட்டின. ஊரிலிருந்து வந்து எங்களுடன் தங்கியிருந்த என் பெற்றோரின் கைபேசிகளில் எந்தச் சத்தமும் இல்லை. அவற்றில் உள்ளூர் சிம் கிடையாது. வீட்டு வைஃபையில் வாட்ஸ்அப் பேசுவதற்காக மட்டுமே அவர்கள் வைத்திருந்தார்கள். அரசின் அவசர எச்சரிக்கை கைபேசிக் கோபுரத்திலிருந்து வருகிறதே தவிர வைஃபை வழியாக வருவதில்லை என்பதை, பன்னிரண்டு ஆண்டுகள் இந்நாட்டில் வாழ்ந்த நான் அன்றுதான் முதன்முதலாக யோசித்தேன்.

"என்னப்பா வந்திருக்கு?" என்று அப்பா கேட்டார். "வெள்ள எச்சரிக்கை" என்றேன். "அதைத்தானே மத்தியானமும் சொன்னே?" என்று சொல்லிவிட்டு, கீழ்த்தளத்து அறையில் போய்ப் படுத்துக்கொண்டார். அவர் சொன்னது சரி; தவறு என்னுடையது. மதியம் வந்தது 'வாட்ச்', அதாவது வெள்ளம் வருவதற்கான சூழல் உருவாகியிருக்கிறது, கவனமாக இருங்கள் என்பது. இரவு வந்தது 'வார்னிங்', அதாவது வெள்ளம் வந்துவிட்டது அல்லது எந்த நேரமும் வரப்போகிறது, இப்போதே பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள் என்பது. இரண்டையும் நான் தமிழில் 'எச்சரிக்கை' என்ற ஒரே சொல்லால் சொன்னேன். ஒரே சொல்லை இரண்டாம் முறை கேட்பவர் எழுந்து உட்கார வேண்டிய காரணம் என்ன இருக்கிறது?

அதிகாலை மூன்று மணிக்குக் கார் நிறுத்தும் கொட்டகையில் தண்ணீர் புகுந்தது. அப்பாவையும் அம்மாவையும் மாடிக்கு ஏற்றினோம். அவர்களுடைய கடவுச்சீட்டுகளும், அப்பாவின் சர்க்கரை மாத்திரைகளும் கீழ் அலமாரியிலேயே இருந்துவிட்டன. முழங்கால் அளவு தண்ணீரில், மின்சாரம் துண்டிக்கப்படாத வீட்டுக்குள் இறங்கி அவற்றை எடுத்து வந்தேன். அது எவ்வளவு முட்டாள்தனமான செயல் என்பது, பின்னர் மீட்புக் குழுப் பயிற்சிக்குச் சென்றபோதுதான் எனக்குப் புரிந்தது. லாஸ் ஏஞ்சலிஸ் தீயணைப்புத் துறை 1985இல் இப்பயிற்சியைத் தொடங்கியது. அதே ஆண்டு மெக்சிகோ நகர நிலநடுக்கத்தில் பயிற்சி இல்லாத பொதுமக்கள் 800க்கும் மேற்பட்டோரை இடிபாடுகளிலிருந்து மீட்டார்கள், ஆனால் அந்த முயற்சியில் அவர்களுள் சுமார் 100 பேர் இறந்துபோனார்கள் என்பதை எங்களுக்கு முதல் வகுப்பிலேயே சொன்னார்கள். உதவ வேண்டும் என்ற மனம் மட்டும் போதாது என்பதற்கு இதைவிடக் கனமான சான்று எனக்குத் தெரியவில்லை.

2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு 22 அமைப்புகளை ஒன்றாக்கி உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையை உருவாக்கினார்கள். அது 2003 மார்ச் 1 முதல் இயங்குகிறது. பேரிடர் மேலாண்மை முகமையான ஃபீமாவும் அதற்குள்தான் இருக்கிறது. செயற்கைக்கோள், வானிலை மாதிரிகள், கைபேசி எச்சரிக்கை என்று எல்லாம் இருக்கின்றன. ஆனாலும் செய்தி கைபேசித் திரைக்கு வருவதற்கும், ஒரு மனிதர் எழுந்து நடப்பதற்கும் இடையில் உள்ள தூரத்தில்தான் உயிர்கள் போகின்றன என்பது என் அனுபவம். உங்கள் வீடுகளில் அந்த இடைவெளியில் என்ன நடந்தது என்று எழுதுங்கள்.

ஆஸ்டின் அருகே, டெக்சாஸ் – அவசர சிகிச்சைப் பிரிவுச் செவிலியர்

அண்ணா, நீங்கள் மொழியைப் பற்றி எழுதினீர்கள். நான் பழக்கத்தைப் பற்றி எழுத விரும்புகிறேன்.

2021 பிப்ரவரியில் யூரி குளிர்கால புயலின்போது டெக்சாஸில் 45 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளும் நிறுவனங்களும் மின்சாரமின்றித் தவித்தன. இம்மாநிலத்தின் மின்கட்டமைப்பு பெரும்பாலும் அண்டை மாநிலங்களுடன் இணையாமல் தனித்து நிற்பதால், வெளியிலிருந்து போதிய மின்சாரம் பெறவும் வழியில்லை. சுழற்சி முறையில் சிறிது நேரம் நிறுத்துவதாகச் சொல்லப்பட்ட மின்சாரம், பல பகுதிகளில் நாள் கணக்கில் வரவே இல்லை. மாநில அரசின் கணக்குப்படி 246 பேர் இறந்தார்கள்.

அந்த வாரத்தின் இரண்டாம் இரவில், நம் ஊர்க் குடும்பம் ஒன்று எங்கள் பிரிவுக்கு வந்தது. அறுபத்தைந்து வயது அம்மா ஒருவருக்குத் தலைவலியும் வாந்தியும். குளிர் தாங்காமல் வந்த காய்ச்சல் என்று மகன் நினைத்திருந்தார். விரலில் மாட்டும் ஆக்சிஜன் அளவி 98 என்று காட்டியது. அந்த எண்ணை நம்பியிருந்தால் அவரை வீட்டுக்கே அனுப்பியிருப்போம். "அம்மா, வீட்டுல எதை வச்சுக் குளிர் காஞ்சீங்க?" என்று தமிழில் கேட்டேன். "கரி அடுப்புதான் கண்ணு. தோட்டத்துல இறைச்சி சுடுறதுக்கு வச்சிருந்ததை உள்ள கொண்டாந்து மூட்டினேன். நாங்க பார்க்காத கரி அடுப்பா?" என்றார்.

அவர் பார்த்த கரி அடுப்பு ஓட்டு வீட்டில் இருந்தது. ஓட்டு இடுக்கிலும் சாளரத்திலும் காற்று போய்வந்த வீடு அது. இங்குள்ள வீடோ குளிர் புகாதபடி எல்லாப் பக்கமும் அடைக்கப்பட்டது. அதற்குள் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வெளியேற இடம் இல்லை. அந்த வாயுவுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான வலுவுடன் இரத்தச் சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்கிறது. விரல் அளவி இரண்டையும் பிரித்தறியாமல் நல்ல எண்ணையே காட்டிவிடுகிறது. வேறு கருவியில் இரத்தத்தைச் சோதித்தபோதுதான் உண்மை தெரிந்தது. வீட்டில் இருந்த மற்ற மூவரையும் உடனே அழைத்து வரச் சொன்னோம். ஏழு வயதுப் பேத்தி காரில் வரும்போதே அரை மயக்கத்தில் இருந்தாள். நால்வரும் பிழைத்தார்கள்.

அந்த அம்மா ஐந்து பிள்ளைகளை வளர்த்தவர், இரண்டு புயல்களைக் கண்டவர். அவருடைய அனுபவம் பொய்யானது அல்ல. வீடு மாறியது, அதை அவருக்கு எவரும் சொல்லவில்லை. முதியவர்களை வரவழைக்கும் ஒவ்வொருவரும் முதல் வாரத்திலேயே கரியையும் ஜெனரேட்டரையும் பற்றிச் சொல்லிவிடுங்கள். ஜெனரேட்டர் வீட்டுக்கு வெளியே, சன்னலும் கதவும் இல்லாத பக்கமாக, குறைந்தது 20 அடி தள்ளி இருக்க வேண்டும். பேட்டரியில் இயங்கும் கார்பன் மோனாக்சைடு அறிவிப்பான் ஒன்றைப் படுக்கையறை அருகே மாட்டுங்கள். இதைத் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

ஆஷ்வில், வட கரோலினா – கட்டுமானப் பொறியாளர்

கடலிலிருந்து நானூறு கிலோமீட்டர் தள்ளி மலையில் வாழ்கிறவர்களுக்குப் புயலைப் பற்றி என்ன கவலை என்று நினைத்துத்தான் இருந்தோம். 2024 செப்டம்பர் 26 இரவு புளோரிடாவில் கரையேறிய ஹெலீன் புயல், மறுநாள் காலையில் எங்கள் ஆறுகளைத் தெருவுக்குக் கொண்டுவந்தது. நகரக் குழாயில் குடிக்கத்தக்க தண்ணீர் மீண்டும் வருவதற்கு 53 நாட்கள் ஆயின.

எனக்கு மறக்காதது ஓசையின்மைதான். கைபேசிக் கோபுரங்கள் நின்றுவிட்டதால், எச்சரிக்கை என்ன, என் சகோதரியின் குரல்கூடக் கேட்கவில்லை. வங்கி அட்டை எந்தக் கடையிலும் வேலை செய்யவில்லை. கையில் பணத்தாள் வைத்திருந்தவர் மட்டுமே பெட்ரோல் வாங்க முடிந்தது. எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற முதியவர் ஒருவர், கைபேசிக் கோபுரம் இல்லாமலே தனியாட்கள் பேசவும் கேட்கவும் பயன்படும் அமெச்சூர் வானொலி வைத்திருந்தார். மவுண்ட் மிட்செல் மலை மேலுள்ள மறுபரப்பி (வானொலி அலையை வாங்கி மீண்டும் தொலைவுக்குப் பரப்பும் கருவி) மட்டும் இயங்கிக்கொண்டிருந்ததால், எந்தச் சாலை திறந்திருக்கிறது, எங்கே தண்ணீர் கொடுக்கிறார்கள் என்பதை அவர் கேட்டுக் காகிதத்தில் எழுதித் தபால் பெட்டியில் ஒட்டுவார். நாங்கள் நாள்தோறும் இருமுறை அந்தக் காகிதத்தைப் போய்ப் படித்தோம்.

இணைப்பு திரும்பியதும் முதலில் வந்து சேர்ந்தது வதந்தி. ஃபீமா 750 டாலர் மட்டுமே தரும், பிறகு வீட்டை எடுத்துக்கொள்ளும் என்று என் உறவினர்களே எனக்கு அனுப்பினார்கள். அந்த 750 டாலர் உணவு, தண்ணீர் போன்ற உடனடித் தேவைகளுக்கான முதல் தொகை. வீடு பழுதுபார்ப்பு, தற்காலிக வாடகை ஆகியவற்றுக்கு வேறு உதவி உண்டு. வதந்தியை நம்பி விண்ணப்பிக்காமல் இருந்த குடும்பங்களை எனக்கு நேரில் தெரியும். களப்பணியாளர்களுக்கு மிரட்டல் வந்ததால் சில இடங்களில் வீடு வீடாகச் செல்லும் பணி அப்போது தற்காலிகமாக நிறுத்தப்பட்டது என்பது எனக்கு இன்றும் வெட்கமாக இருக்கிறது.

பொறியாளர் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்கிறேன். வெள்ளம் வருவதற்கு முன்பே வடிகாலையும் நீரேற்று நிலையத்தையும் பலப்படுத்த ஊர்களுக்குப் பணம் தந்த ஃபீமாவின் மானியத் திட்டம் முடித்துக்கொள்ளப்படுவதாக 2025 ஏப்ரலில் அறிவித்தார்கள். இருபது மாநிலங்கள் நீதிமன்றத்துக்குச் சென்றன. வந்த பிறகு செலவழிப்பதைவிட வருமுன் செலவழிப்பது எப்போதும் மலிவு. ஆனால் உடையாத பாலத்தைப் படம் பிடிக்க எவரும் வருவதில்லை.

சிகாகோ – மருத்துவமனைக் கணினிப் பிரிவு ஊழியர்

என்னுடையது சிறிய பதிவு. புயலும் இல்லை, நெருப்பும் இல்லை. ஒரு திங்கட்கிழமை காலை நான் பணிபுரிந்த மருத்துவமனையின் திரைகள் எல்லாம், கணினிகளை ஊடுருவிப் பூட்டியவர்கள் பணயத்தொகை கேட்கும் செய்தியைக் காட்டின. ஆம்புலன்ஸ்களை வேறு இடங்களுக்குத் திருப்பினோம். அவசரத் திட்டம் மிக விரிவாக எழுதப்பட்டிருந்தது, ஆனால் பூட்டப்பட்ட அதே கணினிகளுக்குள் இருந்தது. நோயாளிக் குறிப்பைக் காகிதத்தில் எழுத வேண்டிய நிலையில், இளம் செவிலியர்களில் பலர் அந்தப் படிவத்தை வாழ்நாளில் பார்த்ததே இல்லை. பணி ஓய்வுக்கு இரண்டு மாதமே இருந்த மூத்த செவிலியர் ஒருவர் தாழ்வாரத்தில் நின்று அவர்களுக்குக் கட்டம் கட்டமாகச் சொல்லிக்கொடுத்தார். இப்போது என் வீட்டு அவசரத் தொலைபேசி எண்களை ஒரு காகிதத்தில் எழுதிப் பணப்பையில் வைத்திருக்கிறேன்.

ஹூஸ்டன், டெக்சாஸ் – தொடங்கியவர்

அனைவருக்கும் நன்றி. செவிலியர் சகோதரி எழுதியதை இரண்டு முறை படித்தேன். விசாவில் இருப்பவர்களுக்காக ஒரு செய்தியையும் பதிவுசெய்ய வேண்டும்.

ஹார்விக்குப் பிறகு நிவாரண மையத்தில் படிவம் நிரப்ப உதவிக்கொண்டிருந்தபோது, எச்1பி விசாவில் இருந்த ஒரு தம்பதியைச் சந்தித்தேன். தற்காலிக வேலை விசாவில் இருப்பவர்களுக்கு ஃபீமாவின் பண உதவி கிடையாது என்று கேள்விப்பட்டு, விண்ணப்பிக்காமலே இருந்தார்கள். அந்த விதி உண்மைதான். குடிமக்கள், பச்சை அட்டை வைத்திருப்போர் முதலானோருக்கே அந்த உதவி. ஆனால் அவர்களுடைய நான்கு வயது மகள் இங்கேயே பிறந்தவள். குடியுரிமை பெற்ற, 18 வயது நிரம்பாத பிள்ளையின் சார்பில், அதே வீட்டில் வாழும் பெற்றோர் விண்ணப்பிக்கலாம். கடைசித் தேதிக்கு எட்டு நாட்களே இருந்தன. அந்தத் தாய் படிவத்தில் மகளின் பெயரை எழுதிவிட்டு, எழுத்துப்பிழை இருக்கிறதா என்று மூன்று முறை சரிபார்த்தார். தங்குமிடம், உணவு, தண்ணீர் போன்ற உடனடி உதவிகளுக்கு எவருடைய விசாவும் தடையல்ல என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். மற்றொன்று: வழக்கமான வீட்டுக் காப்பீட்டில் வெள்ளச் சேதம் சேராது, தேசிய வெள்ளக் காப்பீட்டைத் தனியாக எடுத்தாலும் பொதுவாக 30 நாட்களுக்குப் பிறகே நடைமுறைக்கு வரும். புயலின் பெயர் செய்தியில் வந்த பிறகு வாங்கிப் பயனில்லை.

2025 ஜூலை 4 அதிகாலையில் டெக்சாஸின் குவாடலூப் ஆறு பெருகியபோது, கெர் வட்டாரத்துக்கான வார்னிங் 1.14 மணிக்கே வெளியாகிவிட்டது. ஆற்றங்கரையில் அபாயச் சங்கு இல்லை, மக்கள் உறங்கிக்கொண்டிருந்தார்கள். அந்த வெள்ளங்களில் டெக்சாஸில் 130க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், அவர்களில் பலர் குழந்தைகள். அந்தச் செய்தியைப் படித்த நாளில், கீழ்த்தளத்து அறையில் உறங்கச் சென்ற என் அப்பாதான் கண்முன் வந்தார். கைபேசி இணைப்பு வராத இடத்துக்கும், உறங்கும் வீட்டுக்கும், பேட்டரியில் இயங்கும் வானிலை வானொலி ஒன்று வேண்டும். வார்னிங் வந்தால் அது தானாகவே ஒலி எழுப்பும்.

எங்கள் குழுவில் நாங்கள் செய்தது சிறிய வேலை. ஒரே பக்கத்தில், பெரிய எழுத்தில், தமிழில் ஒரு தாள் தயாரித்துக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டக் கொடுத்தோம். 'வெள்ள வாட்ச் என்றால் பையைக் கட்டு. வெள்ள வார்னிங் என்றால் இப்போதே மாடிக்குப் போ.' வாட்ச், வார்னிங் என்ற ஆங்கிலச் சொற்களை வேண்டுமென்றே அப்படியே வைத்தோம், ஏனெனில் காதில் விழப்போவது அந்தச் சொல்தான். அதன் கீழே மாத்திரைப் பட்டியல், கடவுச்சீட்டு, ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு கேலன் (சுமார் 3.8 லிட்டர்) தண்ணீர், பக்கத்து வீட்டுக்காரரின் எண்.

2024 ஜூலை 8 அதிகாலை பெரில் புயல் ஹூஸ்டனைத் தாக்கியபோது, மூன்று தெரு தள்ளி மகன் வீட்டுக்கு வந்து தங்கியிருந்த ஒரு பாட்டி என்னைத் தொலைபேசியில் அழைத்தார். மகனும் மருமகளும் வெளியூரில் இருந்தார்கள். "தம்பி, ரேடியோவுல வெள்ள வார்னிங்னு சொல்லிட்டான். நான் பேரனைக் கூட்டிக்கிட்டு மாடிக்கு வந்துட்டேன். மாத்திரை, தண்ணி, பாஸ்போர்ட் எல்லாம் கையில இருக்கு. அடுத்து என்ன செய்யணும்னு அந்தத் தாள்ல போடலையே?" என்று கேட்டார்.

அடுத்த வரியை அன்றைக்குத்தான் சேர்த்தோம்: 'அங்கேயே இரு. யாராவது வந்து அழைக்கும்வரை இறங்காதே.'