மானிட்டர் மாற்றினேன், புள்ளி காணாமல் போனது

வீட்டிலிருந்தே பதிப்பகங்களுக்கு மெய்ப்புப் பார்த்துக் கொடுக்கிறேன். தினமும் ஆறேழு மணி நேரம் திரை முன்னால்தான். பழைய 19 இன்ச் மானிட்டர் மங்கத் தொடங்கியதும், இந்த முறை பெரிதாக ஒன்று வாங்கிவிடலாம் என்று கிளம்பினேன். கடையில் 24 இன்ச்சுக்கும் 27 இன்ச்சுக்கும் விலையில் அதிக வித்தியாசம் இல்லை. திரையில் கடலடி வீடியோ ஓடியது, மீன்கள் அத்தனை அழகு. 27 இன்ச்சையே எடுத்து வந்தேன்.

முதல் நாளே தடுமாற்றம். ஒற்று மிகுமா மிகாதா என்று பார்ப்பதுதான் என் வேலையில் பாதி. 'அந்தக் கடை' என்று இருந்தால் 'க்' மேலுள்ள புள்ளி எழுத்தோடு கலந்து சாம்பல் கறையாகத் தெரிந்தது. 'ணை', 'ஞூ' மாதிரி நெருக்கமான எழுத்துகளில் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. கண்ணில்தான் கோளாறு என்று பயந்து மருத்துவரிடம் போனேன். கண்ணாடி பவர் மாறவே இல்லை.

என் தம்பி மகன் ஸ்கேல் வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டிய பிறகுதான் விளங்கியது. அந்த 24 இன்ச்சிலும் இந்த 27 இன்ச்சிலும் இருப்பது அதே 1920 × 1080 பிக்சல்தான் (படத்தை உருவாக்கும் சின்னச் சின்ன ஒளிக்கட்டம்தான் பிக்சல்; அகலத்தில் 1920, உயரத்தில் 1080). 24-ல் ஒரு பிக்சல் சுமார் 0.27 மில்லிமீட்டர், 27-ல் 0.31. திரை பெரிதானதே தவிர, அதில் இருக்கும் பிக்சல் ஒன்றுகூட அதிகமாகவில்லை. சாதாரண அளவு எழுத்தில் ஒரு தமிழ்ப் புள்ளிக்குக் கிடைப்பது ஒன்றிரண்டு பிக்சல்தான். இரண்டடி தூரத்தில் உட்கார்ந்து படிக்கும் எனக்கு அது போதவில்லை. எழுத்தைப் பெரிதாக்கினால் தெளிவாகிறது, ஆனால் பக்கம் முழுதாகத் தெரிவதில்லை. பெரிய திரை வாங்கியதே முழுப் பக்கத்தையும் பார்க்கத்தானே!

கடையில் மாற்றித் தரவில்லை. தம்பி வாங்கிக்கொண்டான். எட்டடி தள்ளி உட்கார்ந்து படம் பார்க்கும் அவனுக்கு அது அருமையான திரை.

இரண்டாம் முறை ஒரு பென் டிரைவில் நான் திருத்தும் புத்தகத்தின் பக்கம் ஒன்றை எடுத்துப் போனேன். மீன் வீடியோவை நிறுத்தச் சொல்லி அதைத் திறக்கச் சொன்னேன். 2560 × 1440 உள்ள 27 இன்ச்சில் பிக்சல் 0.23 மில்லிமீட்டர்தான். புள்ளி தனியாக, கருப்பாக நின்றது. எழுத்து வேலைக்கு 27 வேண்டுமென்றால் இதற்குக் குறைவாக வாங்காதீர்கள். அவ்வளவு செலவு முடியாது என்றால் 24 இன்ச், 1920 × 1080 தாராளமாகப் போதும். விலை மலிவு என்று டிவியை மானிட்டராக வைக்க நினைப்பவர்களும் பிக்சல் கணக்கைப் பாருங்கள். 32 இன்ச் டிவிகள் பலவற்றில் 1366 × 768 தான் இருக்கும்.

இன்னொன்று, ஸ்டாண்டு. திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்தில் இருக்க வேண்டும் என்பார்கள். என்னைப் போல இரட்டைக் கண்ணாடி போடுபவர்களுக்கு அது ஒத்துவராது. கண்ணாடியின் கீழ்ப்பாதி வழியாகப் பார்க்கத் தலையை அண்ணாந்து கழுத்து வலிக்கும். இன்னும் தாழ்த்த வேண்டும். ஏற்றி இறக்கும் வசதியுள்ள ஸ்டாண்டுக்குக் கொடுத்த பணம் வீண் இல்லை.

*

அக்கா, எங்கள் அப்பாவுக்கும் இதே மாதிரி ஆனது, காரணம்தான் வேறு. நீங்கள் சொன்ன அந்த 24 இன்ச்தான் வாங்கிக் கொடுத்தேன். "எழுத்தெல்லாம் நிழலடிக்குதுப்பா" என்றார். பெட்டியோடு வந்த விஜிஏ என்ற பழைய வகைக் கேபிளில் இணைத்திருந்தேன். பழைய சிபியு பின்னால் டிவிஐ என்ற டிஜிட்டல் இணைப்புத் துளை ஒன்று சும்மா கிடந்தது. அதிலிருந்து மானிட்டரின் எச்டிஎம்ஐ துளைக்கு (அதுவும் டிஜிட்டல்தான்) போகும் கேபிள் வாங்கி மாட்டியதும் நிழல் போய்விட்டது. விஜிஏவில் படம் அனலாக், அதாவது ஏறி இறங்கும் மின் அலை, ஆகிப் போய்த் திரையில் மறுபடி டிஜிட்டல் ஆகிறது, அதில்தான் கூர்மை கெடுகிறது. அதன் பிறகும் கொஞ்சம் மங்கல். பார்த்தால், ரெசொல்யூஷன், அதாவது கணினி அனுப்பும் பிக்சல் எண்ணிக்கை, பழைய மானிட்டருக்கு வைத்த 1366 × 768-லேயே இருந்தது. பின்பக்கம் புடைத்த அந்தக் கால டப்பா மானிட்டர்கள் பல அளவுகளையும் ஏற்றுக்கொள்ளும். தட்டைத் திரை அதன் சொந்த அளவில் மட்டும்தான் கூர்மையாகக் காட்டும். மாற்றிய அன்று அப்பா செய்தித்தாளை ஒரு வரி விடாமல் படித்தார்.

*

எனக்கு எழுத்தில் குறை இல்லை, ராத்திரியானால் தலைவலிதான். வெளிச்சத்தைக் குறைத்து வைத்தால் சில மானிட்டர்களில் பின்விளக்கு வேகமாக அணைந்து அணைந்து எரியும், நம் கண்ணுக்குத் தெரியாது. வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, வெளிச்சத்தை நன்றாகக் குறைத்து, அறை விளக்கை அணைத்துவிட்டு, திரைக்கு முன்னால் ஒரு பென்சிலை வேகமாக ஆட்டிப் பாருங்கள். ஒரே மங்கல் பட்டையாகத் தெரிந்தால் சரி. பல பென்சில்கள் தனித்தனியாகத் தெரிந்தால் அது அணைந்து எரியும் திரை. என்னுடையதில் விசிறி மாதிரி விரிந்தது. மாற்றிவிட்டேன், இப்போது தலைவலி வருவதில்லை.

*

பென்சில் சோதனை சொன்ன தம்பி, நேற்று ராத்திரியே ஆட்டிப் பார்த்தேன். புதியதில் ஒரே பட்டைதான். பரணில் இருந்த பழைய 19 இன்ச்சையும் இறக்கிப் பார்த்தேன். அதில் ஏழெட்டுப் பென்சில் தெரிந்தது. இத்தனை நாள் சாயங்காலத்தில் வந்த வலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன்.