நம்ம வீட்டு குரூப்: நிலாவோட ஸ்டூடியோ ப்ராக்டிகல்

அம்மா: நிலா வந்ததுலேந்து வாய் ஓயல, குரூப்லயே எழுதுடின்னு சொல்லிட்டேன்

நிலா: இன்னைக்கு மல்டிகேம் ப்ராக்டிகல் சித்தி!! மூணு கேமரா, ரெண்டு பறைக் கலைஞர்கள கூப்பிட்டு பேட்டி, நான் கேமரா 1

சித்தி: சூப்பர்டா தங்கம். மூணுலயும் எடுத்துட்டு அப்புறம் உக்காந்து எடிட் பண்ணணுமா?

நிலா: இல்ல சித்தி, எடிட்டிங் அப்பவே நடக்குது. பிசிஆர்னு தனி கன்ட்ரோல் ரூம், அங்க மூணு கேமராவும் மானிட்டர்ல ஓடும், டைரக்டர் "ரெடி 1"னு ஹெட்ஃபோன்ல சொல்லுவாங்க, நாம ஷாட்ட வச்சு நிக்கணும், "டேக் 1"னதும் எந்த கேமரா ஓடணும்னு மாத்துற ஸ்விட்சர்ல பட்டன் அமுக்கிருவாங்க, அவ்ளோதான், அது போயிருச்சு, திருப்பி எடுக்குற பேச்சே இல்ல

பெரியப்பா: நான் வேலைல இருந்தப்ப ஒரு தடவ தூர்தர்ஷன் ஸ்டூடியோக்கு போயிருக்கேன்மா. கேமரா மேல செவப்பு லைட் எரியும். மெட்ராஸ்ல 1975 ஆகஸ்ட் 15 ஆரம்பிச்சாங்க, அப்பல்லாம் கருப்பு வெள்ளைதான்

நிலா: அது டேலி லைட் பெரியப்பா! இன்னமும் அதேதான். எரிஞ்சா அந்த கேமராதான் இப்ப ஓடுதுன்னு அர்த்தம், அப்ப ஆடாம நிக்கணும், அணைஞ்சப்புறம்தான் நெஜமான வேலையே, அடுத்த ஷாட்ட தேடணும், கண்ணு வரைக்கும் ஜூம் போய் ஃபோகஸ் வச்சுட்டு வெளிய வந்து ஃப்ரேம் வைக்கணும், எல்லாம் சில செகண்டுக்குள்ள

நிலா: பெரியவர் பேசிட்டிருக்காரு, அவர் கேமரா 3ல ஓடுறாரு. பக்கத்துல இருந்த அக்கா விரல் மட்டும் முட்டில தாளம் தட்டிட்டே இருக்கு. நான் சத்தமில்லாம அத டைட்டா வச்சேன். டைரக்டர் மெதுவா "1 அப்படியே இரு... டேக் 1". எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சிருச்சு பெரியப்பா

பெரியப்பா: அதுதாம்மா கண்ணு. யாரும் சொல்லாமயே பாத்திருக்க

அண்ணன்: ஏய் மூணு கேமரால கலர் வேற வேற மாதிரி வராதா? எங்க ஆஃபீஸ் ஃபங்ஷன்ல ரெண்டு ஃபோன்ல எடுத்து ஒண்ணு மஞ்சளா ஒண்ணு நீலமா வந்துச்சு

நிலா: அதுக்குன்னே சிசியூல, அதாவது கேமராவ எல்லாம் ஒரே இடத்துலேந்து கன்ட்ரோல் பண்ற யூனிட்ல, ஒருத்தர் உக்காந்திருப்பாருண்ணா, மூணுக்கும் ஒரே வெள்ள அட்டைய காட்டி வொயிட் பேலன்ஸ், லென்ஸுக்குள்ள வர்ற வெளிச்சத்த கூட்டிக் குறைக்குற ஐரிஸும் அங்கேந்தே. அப்புறம் இடது பக்க கேமராதான் வலது பக்கம் உக்காந்தவங்கள எடுக்கணும், அப்பதான் முகம் முழுசா கிடைக்கும். பேசுற ரெண்டு பேரையும் இணைச்சு ஒரு கோடு இருக்குன்னு வச்சுக்கோ, கேமரா அதத் தாண்டுச்சுன்னா ரெண்டு பேரும் ஒரே பக்கம் பாத்து பேசுற மாதிரி ஆயிரும்

சித்தி: இனிமே டிவில பேட்டி பாத்தா இதத்தான் பாப்பேன் போல 😍 அடுத்த வாரமும் கேமராதானா?

நிலா: ஃப்ளோர் மேனேஜர் சித்தி. ஆரம்பிக்குறதுக்கு முன்னாடி அஞ்சு நாலு மூணு வரைக்கும் சத்தமா எண்ணணும், ரெண்டும் ஒண்ணும் விரல்ல மட்டும், அப்ப மைக் திறந்திருக்கும்ல

அம்மா: ஷால் எடுத்துட்டு போ, உள்ள ஏசி அவ்ளோ குளிருதுன்னியே

நிலா: சரிமா