புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கருக்கு இரண்டு ஆம்ப் போட்டுக் கேட்ட அனுபவம்

என்னிடம் இருப்பது வார்ஃப்டேல் டைமண்ட் 10.1. கீழ் ஒலிகளுக்கு 5 அங்குல வூஃபர், மேல் ஒலிகளுக்கு ஒரு ட்வீட்டர், பின்பக்கம் வயர் மாட்ட நான்கு டெர்மினல். அந்த நான்கையும் பார்த்தால் யாருக்கும் வருகிற ஆசைதான் எனக்கும் வந்தது: மேல் ஜோடிக்கு ஒரு ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்), கீழ் ஜோடிக்கு இன்னொரு ஆம்ப் கொடுத்துப் பார்த்தால் என்ன? இதைத்தான் பை-ஆம்ப் என்கிறார்கள். பழைய ஸ்டீரியோ ஆம்ப் ஒன்று வீட்டில் சும்மா கிடந்தது, புதியதில் ப்ரீ-அவுட் (சிக்னலை இன்னொரு ஆம்புக்கு எடுத்துக் கொடுக்கும் சாக்கெட்) இருந்தது, அதனால் செலவு வயருக்கும் பனானா பிளக்குக்கும் மட்டும்தான். சென்னை ரிச்சி தெருவில் அரை மணி நேர வேலை.

செய்யப் போகிறவர்கள் முதலில் அந்த ஜம்பர் தகட்டைக் கழற்றுங்கள். மேல் டெர்மினலையும் கீழ் டெர்மினலையும் இணைக்கிற சின்னப் பித்தளைத் தகடு அது. நண்பர் ஒருவர் இடது ஸ்பீக்கரில் கழற்றிவிட்டு வலதில் அப்படியே விட்டுவிட்டார், இரண்டு ஆம்பின் அவுட்புட்டும் ஒன்றோடொன்று நேராக முட்டிக்கொண்டது. ப்ரொடெக்‌ஷன் ரிலே உடனே வெட்டியதால் தப்பித்தது, இல்லையென்றால் அவுட்புட் ட்ரான்சிஸ்டர் போயிருக்கும்.

சரி, இணைத்தாயிற்று. புதிய ஆம்ப் வூஃபருக்கு. அதன் ப்ரீ-அவுட்டிலிருந்து பழைய ஆம்புக்கு ஒரு கேபிள், பழையதின் வால்யூம் குமிழ் ஒரே இடத்தில் நிற்கும், அது ட்வீட்டருக்கு. முதல் பாட்டிலேயே சிம்பல், குரலின் மூச்சு எல்லாம் முன்னால் வந்து நின்றன. 'திரை விலகியது போல இருக்கிறது' என்று பலர் எழுதுவது இந்தக் கட்டத்தைத்தான் என்று நினைக்கிறேன். எனக்கு நம்பிக்கை வரவில்லை, மல்டிமீட்டரை எடுத்தேன். 100 ஹெர்ட்ஸ் டோன் ஒன்றைக் குறைந்த சத்தத்தில் ஓடவிட்டு இரண்டு ஆம்பின் அவுட்புட்டிலும் ஏசி வோல்டேஜ் பார்த்தால், வூஃபர் பக்கம் 2 வோல்ட், ட்வீட்டர் பக்கம் 2.8 வோல்ட். அதாவது 3 டெசிபல் கூடுதல். ட்ரெபிள் குமிழைத் திருப்பிவிட்டால் கேட்கிற வித்தியாசம்தான் அது. (ட்வீட்டருக்குப் போகிற ஆம்பிலும் 100 ஹெர்ட்ஸ் வருமா என்று கேட்காதீர்கள், வரும். இரண்டு ஆம்புக்கும் முழு சிக்னலும் போகிறது, பிரிப்பது ஸ்பீக்கருக்குள் இருக்கிற கிராஸ்ஓவர் என்கிற சர்க்யூட்.)

பழைய ஆம்பின் குமிழைக் குறைத்து இரண்டையும் சமமாக்கினேன். அப்புறம் தம்பி பின்னால் உட்கார்ந்து ஒரு ஆம்ப், இரண்டு ஆம்ப் என்று மாற்றி மாற்றிக் கொடுக்க நான் திரும்பிப் பார்க்காமல் கேட்டேன். எது எது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. வயலின் தனி வாசிப்பு, மிருதங்கத்தின் தொப்பி, பழைய திரைப்பாடல், எதிலும் இல்லை.

காரணம் யோசித்தால் புரிகிறது. '50 வாட்டும் 50 வாட்டும் சேர்ந்து 100 வாட்' என்று கடைகளில் சொல்வது இந்த வகை இணைப்பில் பொருந்தாது. முழு சிக்னலும் இரண்டு ஆம்புக்குள்ளும் போவதால் வோல்டேஜ் உச்சம் இரண்டிலும் ஒன்றுதான், தனியாக இருந்தால் எந்த இடத்தில் கிளிப் ஆகுமோ (எல்லை தாண்டி ஒலி சிதையுமோ) ஏறக்குறைய அதே இடத்தில்தான் இப்போதும் ஆகும். கரண்ட் சுமை மட்டும் பிரிகிறது, அதிலும் பாட்டின் சக்தியில் பெரும்பகுதி வூஃபர் பக்கம் போய்விடுவதால் ட்வீட்டர் ஆம்புக்கு வேலையே குறைவு. 86 டெசிபல் சென்சிட்டிவிட்டி (ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டரில் வரும் சத்தம்) உள்ள ஸ்பீக்கரை இரண்டரை மீட்டரில் உட்கார்ந்து கேட்கிறவருக்குச் சராசரியாக ஓரிரண்டு வாட் போதும், சுமை அங்கே பிரச்சினையே இல்லை.

அத்தான் வீட்டில் கதை வேறு. அவருடையது 7 சேனல் ஏவி ரிசீவர், பின்பக்க சரவுண்ட் சேனல் இரண்டும் காலி, மெனுவில் பை-ஆம்ப் என்று மாற்றினால் முடிந்தது. பேஸ் இறுகிவிட்டது என்று உறுதியாகச் சொல்கிறார், போய்க் கேட்டேன், உண்மையிலேயே நன்றாக இருந்தது. ஆனால் மெனுவை மாற்றியதும் அவர் மைக்கை வைத்து, அறைக்கு ஏற்ப ஒலியைச் சரிசெய்யும் அறைத் திருத்தத்தையும் புதிதாக ஓட்டியிருக்கிறார். என் கணிப்பில் பேஸ் இறுகியது அதனால்தான். ஒரே டிரான்ஸ்ஃபார்மரிலிருந்துதானே அந்த நான்கு சேனலும் உண்கின்றன? இருந்தாலும் காசு செலவில்லாத சோதனை, ரிசீவர் வைத்திருப்பவர்கள் தாராளமாகச் செய்து பாருங்கள். இதற்காக இரண்டாவது ஆம்ப் வாங்குவதை மட்டும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

பை-ஆம்பின் உண்மையான பலன் நான் கேட்டது ஆக்டிவ் மானிட்டர்களில், அதாவது ஆம்ப் உள்ளேயே இருக்கிற ஸ்பீக்கர்களில். யமஹா எச்எஸ்5-இல் வூஃபருக்கு 45 வாட், ட்வீட்டருக்கு 25 வாட். ஜேபிஎல் 305பி மார்க் 2-இல் இரண்டுக்கும் 41 வாட். கெஃப் எல்எஸ்50 வயர்லெஸ் முதல் பதிப்பில் வூஃபருக்கு 200 வாட் கிளாஸ் டி, ட்வீட்டருக்கு 30 வாட் கிளாஸ் ஏபி. இவற்றில் ஆம்புக்கு முன்பே சிக்னல் பிரிந்துவிடுகிறது, ஆம்புக்கும் வூஃபருக்கும் நடுவில் கிராஸ்ஓவர் காயில் கிடையாது, ஒவ்வொரு ஆம்பும் தன் பங்கை மட்டும் பார்த்துக்கொள்கிறது. நண்பர் அறையில் எச்எஸ்5-இல் தபேலா கேட்டபோது அடி விழுந்து நின்ற விதம் மனதில் பதிந்துவிட்டது.

என் வீட்டில் பெரிய மாற்றம் தந்தது வேறு. அலமாரித் தட்டுக்குள் இருந்த ஸ்பீக்கரை ஸ்டாண்டில் ஏற்றி, சுவரிலிருந்து அரை மீட்டர் முன்னால் இழுத்து, டைல்ஸ் தரையில் கனமான ஜமுக்காளம் விரித்தேன். குரலில் இருந்த கூச்சல் போய்விட்டது. இதைக் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம்.

அடுத்து மினிடிஎஸ்பி 2x4 எச்டி (ஆம்புக்கு முன்பே சிக்னலைப் பிரிக்கும் சின்ன டிஜிட்டல் பெட்டி) வாங்கி, உள்ளே இருக்கிற கிராஸ்ஓவரை எடுத்துவிட்டு இதே இரண்டு ஆம்பையும் ஆக்டிவாக ஓட்ட ஆசை. ஆன் செய்யும்போது வருகிற 'டம்' ட்வீட்டரைக் கொன்றுவிடக் கூடாது என்பதால் அதோடு தொடரிணைப்பில் ஒரு கெப்பாசிட்டர் வைத்தாக வேண்டும். 33 மைக்ரோஃபாரட் போட்டால் 6 ஓமுக்கு 800 ஹெர்ட்ஸ் பக்கம் வெட்டும் என்பது கணக்கு. செய்து பார்த்தவர்கள் என்ன மதிப்பு போட்டீர்கள், டிஎஸ்பியில் அதற்கு ஈடு செய்தீர்களா என்று எழுதுங்கள்.