65 இன்ச் டிவி: பகலில் அம்மாவின் சீரியல், ராத்திரியில் எங்கள் படம். ஓலெட்டா, மினி எல்இடியா?

மஞ்சக்குப்பத்தான் எழுதியது:

வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீடு. பழைய 43 இன்ச் டிவியில் குறுக்கே கோடு விழுந்துவிட்டது. பேனல் மாற்றும் செலவுக்குப் புதுசே வாங்கிவிடலாம் என்று வீட்டில் பேசி முடித்தாயிற்று. 65 இன்ச், இரண்டு லட்சம் வரை போகலாம்.

வீடு கிழக்குப் பார்த்தது. டிவி மாட்டப்போகும் சுவருக்கு நேர் எதிரே இரண்டு பெரிய ஜன்னல். காலை எட்டு மணிக்கே வெளிச்சம் சுவரில் வந்து அடிக்கும். திரை போட்டால் காற்று வராது என்று அம்மா விடமாட்டார். பகல் பூரா அவருக்கு சீரியல், இடையில் நியூஸ். நானும் மனைவியும் ராத்திரி பத்துக்கு மேல் ஓடிடியில் படம் பார்ப்போம். உண்மையில் இவ்வளவு செலவு அதற்குத்தான்.

புதுச்சேரியில் கடை கடையாக ஏறி இறங்கினேன். ஒரு கடையில், ஒவ்வொரு புள்ளியும் தானே எரிகிற ஓலெட்டைக் காட்டி, "ஓலெட் எடுங்க சார், கறுப்புன்னா கறுப்பு" என்றார்கள். அடுத்த கடையில், திரைக்குப் பின்னால் குட்டிக் குட்டி விளக்குகள் வைத்த மினி எல்இடியைக் காட்டி, "இதுல நிட்ஸ் அதிகம், டால்பி விஷன் இல்லேன்னா என்ன, எச்டிஆர்10 பிளஸ் இருக்குல்ல" என்றார்கள். நிட்ஸ் என்பது வெளிச்சத்தின் அளவாம். மற்ற இரண்டும் எச்டிஆர் வகைகளாம், அதாவது வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கூட்டிக் காட்டும் முறைகள். டால்பி விஷன் இல்லாத டிவிக்கு இவ்வளவு காசு போடலாமா? என் ஹாலுக்கு ஓலெட் சரிப்படுமா? அப்புறம், பாண்டியில் வாங்கினால் விலை குறையும் என்று மாமா சொல்கிறார், இப்போதும் அப்படித்தானா?

லாஸ்பேட்டை ப்ளேயர்:

கண்ணை மூடிக்கொண்டு ஓலெட் எடுங்கள் ப்ரோ. என்னிடம் எல்ஜி சி வரிசை. நாலு எச்டிஎம்ஐ போர்ட்டும் வேகமான 2.1 வகை, எதில் பிஎஸ்5 கேம் பெட்டியைச் செருகினாலும் 4கே 120 ஹெர்ட்ஸ் வரும். சோனியில் பெரும்பாலும் நாலில் இரண்டுதான் 2.1, அதிலும் ஒன்று சவுண்ட்பாருக்கான ஈ-ஆர்க் போர்ட். அதில் சவுண்ட்பாரை மாட்டிவிட்டால் கேமுக்கு மிச்சம் ஒன்றே ஒன்று. ராத்திரி ஓலெட்டில் படம் பார்த்துவிட்டு வேறு டிவிக்குப் போக மனசு வராது, அவ்வளவுதான்.

முத்தியால்பேட்டை பேனல்காரன்:

சார், டிவி சர்வீஸ்தான் எனக்குப் பிழைப்பு. எந்தக் கம்பெனிக்கும் ஏஜென்ட் இல்லை, அதனால் மனசில் பட்டதைச் சொல்கிறேன். நீங்கள் டால்பி விஷன் உண்டா இல்லையா என்று பார்மட்டில் தொடங்கியிருக்கிறீர்கள். நான் ஜன்னலில் தொடங்குகிறேன், உங்கள் வீட்டில் பெரிய விஷயம் அதுதான்.

சாதாரண சேனல் சிக்னல், டிவியின் உச்ச வெளிச்சத்தில் இத்தனை பங்கு என்று கேட்கிற மாதிரி. பகலில் மங்கலாகத் தெரிந்தால் பிரைட்னஸை ஏற்றலாம், படம் மொத்தமும் ஏறும். எச்டிஆரில் கணக்கு வேறு. பிக்யூ என்று ஒரு வளைவு, அதில் ஒவ்வொரு எண்ணுக்கும் இத்தனை நிட்ஸ் என்று எழுதி வைத்தாயிற்று, மேல் வரம்பு 10,000 நிட்ஸ். ஸ்டூடியோவில் இருட்டறையில் உட்கார்ந்து ஒரு முகத்தை 5 நிட்ஸில் வைத்தால், உங்கள் டிவியும் அதை 5 நிட்ஸில் காட்டத்தான் பார்க்கும். எச்டிஆர் படம் ஆரம்பித்ததுமே டிவி தன் பேக்லைட்டை உச்சத்துக்குக் கொண்டுபோயிருக்கும், ரிமோட்டில் ஏற்றுவதற்குப் பெரிதாக ஒன்றும் மிச்சமிருக்காது. காலை பத்து மணிக்கு உங்கள் ஹாலில் அந்த முகம் எங்கே தெரியப்போகிறது? "இவ்வளவு காசு போட்டும் படம் இருட்டா இருக்குங்க" என்று கூப்பிட்டு விடுவார்கள். போய்ப் பார்த்தால் டிவியில் ஒரு பழுதும் இருக்காது. ஜன்னலைச் சாத்தினால் சரியாகிவிடும். அதற்கு நான் என்ன பில் போட முடியும்?

உங்கள் வீட்டுப் பகல் வேறு, ராத்திரி வேறு. கேபிள் பாக்ஸில் வருகிற சீரியலில் எச்டிஆர் கிடையாது. அம்மாவுக்கு வேண்டியது திரை முழுக்கக் கிடைக்கிற வெளிச்சம், பிரதிபலிப்புக் குறைவு. ஓலெட் அங்கேதான் இளைக்கும். சின்ன இடத்தில், ஒரு விளக்கோ தீப்பொறியோ வந்தால், ஆயிரம் நிட்ஸுக்கு மேல் அடிக்கும். திரை முழுக்க வெள்ளை வந்தால் சூட்டையும் மின்சாரத்தையும் கட்டுப்படுத்த டிவியே 200, 300 நிட்ஸுக்கு இறக்கிவிடும். சீரியல் வீட்டுச் சுவரெல்லாம் வெள்ளை வெளேர் என்றிருக்கும், கிரிக்கெட் என்றால் பச்சை மைதானம் திரை முழுக்க. நல்ல மினி எல்இடி இதில் இரண்டு மடங்குக்கு மேலேயே தாங்கும்.

ஓலெட்டிலும் இரண்டு ஜாதி இருக்கிறது. சாம்சங் டிஸ்ப்ளே 2022இல் கொண்டுவந்த க்யூடி ஓலெட்டில், வெளி வெளிச்சம் பட்டுத் திரும்புவதைக் குறைக்கும் போலரைசர் ஏடு கிடையாது. கலர் அள்ளும், ஆனால் வெளிச்சம் அடிக்கிற அறையில் கறுப்பு லேசாகச் சாம்பல் ஊதாவாகத் தெரியும். உங்கள் எதிர் ஜன்னலுக்கு அது ஆகாது. எல்ஜி டிஸ்ப்ளேயின் வெள்ளை ஓலெட்டில் அந்தத் தொந்தரவு குறைவு.

மினி எல்இடியின் குறையையும் சொல்லிவிடுகிறேன். பின்னால் நூற்றுக்கணக்கில், சிலதில் ஆயிரத்துக்கு மேல், தனித்தனி மண்டலமாக விளக்கு. ஆனால் பிக்சல் எண்பது லட்சத்துக்கு மேல். கறுப்புக் காட்சியில் வெள்ளை சப்டைட்டில் வந்தால் எழுத்தைச் சுற்றி மெல்லிய வெளிச்சம் கசியும். நேராக உட்கார்ந்தால் அவ்வளவாகத் தெரியாது, சோபாவின் ஓரத்தில் இருப்பவருக்குத் தெரியும்.

பார்மட் சண்டையை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. சாம்சங்கில் டால்பி விஷன் கிடையாது. எல்ஜி, சோனியில் எச்டிஆர்10 பிளஸ் கிடையாது. டிசிஎல், ஹைசென்ஸ் போன்றவர்கள் இரண்டையும் கொடுக்கிறார்கள். எது இல்லாவிட்டாலும் அடியில் இருக்கிற சாதா எச்டிஆர்10 ஓடும், படம் நிற்காது. சாதா எச்டிஆர்10இல், வெளிச்சம் எவ்வளவு என்று டிவிக்குச் சொல்ல படம் முழுமைக்கும் சேர்த்து ஒரே குறிப்பு, மற்ற இரண்டிலும் காட்சிக்குக் காட்சி குறிப்பு. 1000 நிட்ஸுக்கோ 4000 நிட்ஸுக்கோ தயாரித்த படத்தை 500 நிட்ஸ் டிவி காட்டும்போது எதை அமுக்குவது என்று முடிவெடுக்க வேண்டும், அங்கே அந்தக் குறிப்பு உதவும். டிவியே 1000 நிட்ஸைத் தாண்டினால் அமுக்க வேண்டியது குறைவு, வித்தியாசமும் குறைவு. மலிவு டிவி வாங்குபவர்தான் டால்பி விஷனுக்குக் கவலைப்பட வேண்டும். நம் ஊரில் எல்லாம் தலைகீழ்.

மாமா சொல்வது பழைய கதை. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்த பிறகு கடலூரானாலும் புதுச்சேரியானாலும் வரி ஒன்றுதான். 2025 செப்டம்பர் 22 முதல் 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவிக்கு அது 28 சதவீதத்திலிருந்து 18 ஆகிவிட்டது, அதுவும் இரண்டு ஊருக்கும் பொது. விலை குறைந்தால் அது கடைக்காரர் விட்டுக்கொடுப்பது.

என் ஓட்டு மினி எல்இடிக்கு.

அரியாங்குப்பம் டீச்சர்:

பேனல்காரன் அண்ணா சொல்வது சரிதான், ஆனால் ஓலெட்டை இவ்வளவு பயமுறுத்த வேண்டாம். எங்கள் வீட்டில் ஓலெட்தான். நாங்கள் இருவரும் வேலைக்குப் போகிறோம், மாலை ஆறு மணிக்கு மேல்தான் டிவி ஓடும். முதலில் டால்பி விஷன் படங்கள் எங்களுக்கும் இருட்டாகத்தான் தெரிந்தன. 'சினிமா' மோடிலிருந்து 'சினிமா ஹோம்' மோடுக்கு மாற்றினோம், சரியாகிவிட்டது. முன்னது விளக்கணைத்த அறைக்கு, பின்னது விளக்கு எரிகிற அறைக்கு. இன்னொன்று, நெட்பிளிக்ஸில் 4கேயும் எச்டிஆரும் பிரீமியம் பிளானில்தான் வரும். சின்ன பிளானை வைத்துக்கொண்டு டிவியைத் திட்டக் கூடாது. 4கேவுக்கு 15 எம்பிபிஎஸ் வேகம் வேண்டும் என்று அவர்களே போட்டிருக்கிறார்கள்.

முத்தியால்பேட்டை பேனல்காரன்:

டீச்சரம்மா, உங்கள் வீட்டுக்கு நானும் ஓலெட்தான் சொல்லியிருப்பேன். சாருடைய அம்மா பகல் பூரா ஒரே சேனல். மூலையில் அசையாத லோகோ, நியூஸ் வந்தால் கீழே சிவப்புப் பட்டை. வருஷக்கணக்கில் ஓடினால் அந்த இடத்துப் பிக்சல் மற்றதைவிடச் சீக்கிரம் தேயும். பட்டை இருந்த இடம் வேறு படத்திலும் நிழலாகத் தெரியும்.

நம் வீடுகளில் இன்னொரு பழக்கம், ரிமோட்டில் அணைத்த கையோடு சுவர் ஸ்விட்சையும் தட்டிவிடுவது. ஓலெட்டில் பிக்சல்களைச் சமன்படுத்தும் வேலை, சுமார் நாலு மணி நேரம் ஓடிய பிறகு ஸ்டாண்ட்பையில் தானாக நடக்கும். கரன்ட்டைப் பிடுங்கிவிட்டால் அது எப்படி நடக்கும்? அம்மாவிடம் ஸ்விட்சைத் தொடாதீர்கள் என்று சொல்லிப் பாருங்கள், கேட்பாரா?

மஞ்சக்குப்பத்தான்:

கேட்கமாட்டார் அண்ணே. அயர்ன்பாக்ஸ் முதல் மிக்ஸி வரை எல்லா ஸ்விட்சையும் அணைத்துவிட்டுத்தான் தூங்குவார், இடி மின்னல் என்றால் பிளக்கையே பிடுங்கிவிடுவார். சரி, மினி எல்இடி என்றே வைத்துக்கொள்வோம். கடையில் எல்லாமே பளபள என்றுதான் இருக்கிறது, எதை வைத்து முடிவு பண்ணுவது?

முத்தியால்பேட்டை பேனல்காரன்:

மின்னலுக்குப் பிளக்கைப் பிடுங்குவது நல்ல பழக்கம்தான், அதை விடவேண்டாம்.

கடையில் ஓடுவது கம்பெனி கொடுத்த டெமோ. கறுப்புப் பின்னணியில் பழம், பூ, சொட்டுகிற தேன், எந்த டிவியும் அதில் அழகாகத்தான் இருக்கும். போதாததற்கு நிறத்தையும் வெளிச்சத்தையும் கூட்டிக் காட்டும் விவிட் மோடு வேறு. முதலில் அதை, படம் எடுத்தவர் நினைத்தபடி காட்டும் பிலிம்மேக்கர் மோடுக்கு மாற்றச் சொல்லுங்கள். அப்புறம் உங்கள் ஓடிடி கணக்கை உள்ளே போட்டு, நன்றாகத் தெரிந்த படத்தில் ஒரு ராத்திரிக் காட்சியை ஓட்டுங்கள். சப்டைட்டில் போட்டு, பக்கவாட்டில் நாலடி தள்ளி நின்று எழுத்தைச் சுற்றிப் பாருங்கள். கடைசியாக ஒரு கேபிள் சேனல். பழைய எச்டி சிக்னலை 4கேவுக்கு இழுக்கும்போது முகம் மெழுகு பூசினாற்போல ஆகிறதா என்று பாருங்கள், அம்மா பார்க்கப்போவது அதைத்தான். இதில் சோனி இன்றைக்கும் ஒரு படி மேலே என்பது என் கண் சொல்வது. பளபளப்பு இல்லாத மேட் திரை மாடல் கிடைத்தால் உங்கள் ஜன்னலுக்கு நல்லது.

மாடல் எண்ணை எழுதிக்கொண்டு வாருங்கள். போன வருஷத்து மாடலை இந்த வருஷ விலைக்குத் தள்ளப் பார்ப்பார்கள். அதே மாடலைப் போன வருஷ விலைக்குக் கொடுத்தால் தயங்காமல் எடுங்கள்.

லாஸ்பேட்டை ப்ளேயர்:

அம்மாவுக்கு ஹாலில் 43 இன்ச், உங்களுக்கு பெட்ரூமில் 55 ஓலெட். இரண்டு லட்சத்துக்குள் இரண்டும் வரும் ப்ரோ, யோசியுங்கள்.

மஞ்சக்குப்பத்தான்:

மனைவியிடம் காட்டினேன். பெட்ரூமில் டிவி வந்தால் தூக்கம் போய்விடும் என்கிறாள். ஞாயிற்றுக்கிழமை அம்மாவையும் கூட்டிக்கொண்டு பாண்டி போகிறோம், மாடல் எண்ணோடு வருகிறேன்.