இன்டர்னல் ஆடிட் பாக்குறவன் யாருக்குப் பதில் சொல்லணும்?

கேள்வி (காரைக்குடிக்காரன்):
இந்தப் பக்கம் ஒரு அரசு யுனிவர்சிட்டில இன்டர்னல் ஆடிட் செக்‌ஷன்ல இருக்கேன், பேரு வேணாம். சுயநிதி கோர்ஸ் கணக்குல அட்வான்ஸ் வாங்குனதை வருஷக்கணக்கா அட்ஜஸ்ட் பண்ணாம (செலவுக் கணக்கு காட்டி நேர் பண்ணாம) வச்சிருக்காங்கன்னு பாரா, அதாவது ஆடிட் ஆட்சேபணை, எழுதுனேன், அதுக்கு ஃபைனான்ஸ் ஆபீசர் கூப்பிட்டு "அதை எடுத்துருங்க, வாயால சொன்னாப் போதும்"ங்கிறார். என் லீவைக்கூட அவர்தான் சாங்ஷன் பண்றார். மத்த இடத்துலயும் இப்படித்தானா?

பதில் (ரிட்டயர்டு தணிக்கை):
தம்பி, நான் லோக்கல் ஃபண்டு ஆடிட்ல, அதாவது உங்கள மாதிரி இடத்துக்கு வெளியில இருந்து வந்து கணக்குப் பாக்குற அரசுத் துறைல, இருந்தவன். பில் பாஸ் ஆகுறதுக்கு முன்னாடி ப்ரீ-ஆடிட்னு நீங்க கையெழுத்து போடுறீங்களா? போட்டா அதே பில்லைப் பின்னாடி நீங்களே எப்படித் தப்புன்னு எழுதுவீங்க, ஃபைனான்ஸ் ஆபீசரை விட அதுதான் பெரிய ஓட்டை. பாராவை எடுக்கச் சொன்னா ஃபைல்ல எழுதித் தரச் சொல்லுங்க, முக்கால்வாசிப் பேரு அதோட விட்டுருவாங்க. வெளித்தணிக்கைக்கு 2014ல தனிச் சட்டமே வந்துருச்சு, ஆனா நாங்க வர்றதுக்குள்ள அட்வான்ஸ் வாங்குனவரு ரிட்டயர் ஆகிப் போயிருப்பாரு!

பதில் (கோட்டையூரான்):
எங்க ஐயா காலத்துல பர்மாவுல வட்டிக்கடை. கடையைப் பாத்துக்குற மேலாள் 3 வருஷம் இருந்துட்டு ஊருக்கு வந்துருவாரு, ஐந்தொகை (வரவு செலவு, சொத்து கடன் எல்லாம் காட்டுற கணக்கு) நேரா இங்க முதலாளி கைக்கு வரும், அடுத்து போறவரு பழைய பேரேட்டைக் கிண்டித்தான் பொறுப்பை எடுப்பாரு. செலவு பண்றவன் கையில கணக்குப் பாக்குறவன் குடுமி இல்ல. இன்டர்னல் ஆடிட்டுக்கான உலக ஸ்டாண்டர்டும், 2025 ஜனவரில அமலுக்கு வந்த புதுசு உட்பட, இதைத்தான் சொல்லுது: ஆடிட் தலைவரு போர்டுக்குப் பதில் சொல்லணும், அவரைப் போடுறதும் எடுக்குறதும் போர்டு சம்மதத்தோடதான். உங்களுக்கு போர்டுன்னா யுனிவர்சிட்டியை நிர்வாகம் பண்ற குழுவான சிண்டிகேட்.

பதில் (தேவகோட்டை ரோடு):
அண்ணே, சிண்டிகேட்டுக்குத் தலைவரே துணைவேந்தர்தானே, அஜெண்டா ரெடி பண்றது ரிஜிஸ்திரார் ஆபீஸ், அப்புறம் யார்ட்ட போய்ச் சொல்றது? அரசாங்கக் கணக்கைத் தணிக்கை பண்ற சிஏஜி தைரியமா எழுதுறார்னா அரசியல் சட்டம் 148ல சுப்ரீம் கோர்ட் ஜட்ஜை நீக்குற மாதிரிதான் அவரை நீக்க முடியும்னு இருக்கு, சம்பளத்தையும் குறைக்க முடியாது. நம்ம ஆளுக்கு ஒரு டிரான்ஸ்ஃபர் ஆர்டர் போதும். வெளி ஆளுங்க இருக்குற ஆடிட் கமிட்டி ஒன்னு, அதுக்கு நேரா ரிப்போர்ட், கமிட்டி ஒத்துக்காம டிரான்ஸ்ஃபர் கிடையாதுன்னு ரூல். இது இல்லாம சும்மா ஸ்டாண்டர்டு பேசி என்ன பண்ண?

காரைக்குடிக்காரன்:
ஆமா சார், ப்ரீ-ஆடிட் கையெழுத்தும் நான்தான் போடுறேன். பாராவை எடுக்கல, எழுதித் தாங்கன்னு நோட் போட்டு அனுப்பிட்டேன், இன்னும் ஃபைல் திரும்பி வரல.