வளர ஒரு ஊசி, வளராமலிருக்க ஒரு ஊசி

குதிரைக்குட்டி உயரமாக வளர என்ன கொடுக்கலாம் என்றே குதிரை வளர்ப்பவர்கள் எல்லோரும் கேட்டு எழுதுகிறீர்கள். எங்கள் வீட்டுக் கதை தலைகீழ். மேலூர்ப் பக்கம் சித்தப்பா பந்தயக் குதிரை வளர்க்கிறார். குதிரை வண்டிப் பந்தயத்தில் உயரத்தை வைத்துத்தான் சின்னக் குதிரை, பெரிய குதிரை என்று பிரிப்பார்கள். அரை இஞ்ச் கூடிவிட்டால் பெரியவற்றோடு மல்லுக்கட்ட வேண்டியதுதான். அந்தியூர்ச் சந்தையில் சின்னக் குதிரைக்கென்றே பிடித்துவந்த ஆண்குட்டி மளமளவென்று வளர ஆரம்பித்துவிட்டது.

"வளராம நிறுத்த ஊசி இருக்குண்ணே" என்று வந்தார் ஒரு தரகர். பக்கத்துத் தோப்பில் "நல்லா வளத்தி குடுக்கும்" என்று ஊசி விற்றதும் இதே ஆள்தான். குப்பியில் லேபிளே இல்லை.

சரி என்று கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டோம். முன்னங்கால் முட்டிக்குச் சற்று மேலே என் விரலை வைத்து அழுத்தச் சொன்னார். லேசாக ஒரு மேடு தட்டுப்பட்டது. வளர்ச்சித் தட்டு அங்கேதான் இருக்கிறதாம். மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி சுரக்கும் வளர்ச்சி ஹார்மோன் கல்லீரலைத் தூண்ட, அங்கிருந்து ஐ.ஜி.எஃப்-1 என்ற இன்னொரு ஹார்மோன் வருகிறது. இரண்டும் சேர்ந்து தட்டின் குருத்தெலும்பைப் பெருக்க, எலும்பு நீள்கிறது. ஒரு வயதிலேயே உயரத்தில் சுமார் 90 சதவீதம் வந்துவிடும். இந்தத் தட்டு இரண்டு, இரண்டரை வயதில் மூடிக்கொள்ளும். அப்புறம் எதைக் குத்தினாலும் உயரம் ஏறாது.

"இவனுங்க விக்கிறது பெரும்பாலும் ஸ்டீராய்டு. சதை போடும். தட்டு சீக்கிரமே மூடினாலும் மூடிடும்."

"அப்ப அதையே போட்டா நமக்கு வசதிதானே டாக்டர்?" என்றார் சித்தப்பா. மருத்துவர் முறைத்த முறையில் தரகர் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். தீனியைக் குறைக்கும் யோசனைக்கும் திட்டு விழுந்தது.

"தாயைப் பாத்து வாங்குனீங்களா?" என்று கேட்டவர் ஒரு சோதனையைச் சொன்னார். கேம்பிரிட்ஜில் நடந்தது, 1938இல் வெளியானது. பிரம்மாண்டமான ஷையர் இனக் குதிரையையும் குட்டையான ஷெட்லாண்ட் இனக் குதிரையையும், ஒரு தடவை ஷையர் தாயாகவும் இன்னொரு தடவை ஷெட்லாண்ட் தாயாகவும் இருக்கும்படி கலந்தார்கள். ஷையர் தாய்க்குப் பிறந்த குட்டி, ஷெட்லாண்ட் தாய்க்குப் பிறந்ததைப் போல மூன்று மடங்கு எடை. வளர்ந்த பிறகும் அந்த வித்தியாசம் முழுசாக மறையவில்லை. அவ்வளவுக்குத் தாயின் வயிறு பேசுகிறது.

குட்டி இப்போது பெரிய குதிரையோடுதான் ஓடுகிறது, பரிசு இன்னும் இல்லை. சித்தப்பா சந்தைக்குப் போனால் குட்டியை விட்டுவிட்டுத் தாய்க்குதிரையின் தோளை இஞ்ச் டேப்பால் அளந்துகொண்டு நிற்கிறார்.